கடன் முடியாத கார், கையில் விமான டிக்கெட்

வெளிநாடு கிளம்புகிறவர்களின் வேலைப் பட்டியலில் கார் எப்போதும் கடைசியில்தான் வரும். விசா, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், வீட்டுக்காரரிடமிருந்து வரவேண்டிய முன்பணம், பெட்டிகளின் எடை என்று மற்ற எல்லாவற்றுக்கும் நாள் குறித்தாகிவிடும். காரைக் கடைசி வாரம்வரை ஓட்ட வேண்டியிருப்பதால், "அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறோம். கடன் இல்லாத கார் என்றால் தள்ளிப்போடலாம், நல்ல ஆள் கிடைத்தால் ஒரே நாளில்கூட கைமாறிவிடும். கடனில் ஓடும் காரின் கதை வேறு. விற்கிறவர், வாங்குகிறவர், வங்கி, பதிவு அலுவலகம் என்று நான்கு தரப்பும் ஒத்துவந்தால்தான் வேலை முடியும். இதில் வங்கியையும் பதிவு அலுவலகத்தையும் நம் விமானத்தின் தேதியைச் சொல்லி அவசரப்படுத்த முடியாது.

நாங்கள் கிளம்புவது உறுதியானதும் முதலில் கையில் எடுத்தது இந்த வேலையைத்தான். அன்றிலிருந்து, கிளம்பும் நண்பர்கள் யார் கேட்டாலும் ஒன்றையே சொல்லி வருகிறேன். திரும்பி வரும் தேதி உறுதியாகத் தெரியாதவர் காரை விற்று, கடனை முடித்து, பதிவுப் புத்தகத்திலிருந்து தன் பெயர் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு விமானம் ஏறுவதுதான் நல்லது. கொஞ்சம் நஷ்டப்பட்டாவது விற்றுவிடலாம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

காரின் மதிப்பும் கடனின் பாக்கியும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. காரின் விலை 100 பங்கு, முழுவதும் கடன், ஐந்து ஆண்டுத் தவணை, ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு முடிவில் அசல் பாக்கி சுமார் 83, இரண்டாம் ஆண்டு முடிவில் 65. ஐந்தில் இரண்டு பங்குக் காலம் கட்டியிருந்தும் அசலில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டித்தான் குறைந்திருக்கும், ஏனென்றால் பிந்தைய தவணைகளைவிட ஆரம்பத் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகம். புதுக் காரோ முதல் ஆண்டிலேயே ஐந்தில் ஒரு பங்கு மதிப்பை இழக்கும், பிறகு ஆண்டுக்கு 15 சதவீதம் அளவில் இறங்கும் என்பது பொதுவான கணக்கு. வண்டிக்கு வண்டி இது மாறும். அந்தக் கணக்குப்படி முதல் ஆண்டு முடிவில் காரின் மதிப்பு 80, கடன் 83. இரண்டாம் ஆண்டு முடிவில் கார் 68, கடன் 65. அதே கடனை ஏழு ஆண்டுக்கு எடுத்திருந்தால் இரண்டாம் ஆண்டு முடிவிலும் பாக்கி 77-க்கு மேல் நிற்கும், கார் 68-தான் போகும். மாதத் தவணை குறைவாக இருக்கிறதே என்று ஏழு ஆண்டுக் கடன் வாங்கியவர்கள் கிளம்பும்போது திகைத்துப்போவது இந்த இடத்தில்தான். காரை விற்ற பிறகும் கையிலிருந்து பணம் போட்டால்தான் கடன் முடியும்.

ஆகவே முதல் வேலை வங்கியிடம் முன்கூட்டி முடிக்கும் தொகைக்கு எழுத்தில் கணக்குக் கேட்பது. செயலியில் தெரியும் "அசல் பாக்கி" வேறு, முடிக்கக் கட்ட வேண்டிய தொகை வேறு. அன்றுவரை ஏறிய வட்டி, முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம், எப்போதோ திரும்பிய தவணைக்குப் போட்ட அபராதம் எல்லாம் அதில் சேரும். அந்தக் கடிதத்தில் ஒரு கடைசித் தேதியும் இருக்கும். அது தாண்டினால் புதுக் கடிதம் வாங்க வேண்டும். முன்கூட்டி முடிக்கும் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் நெறிமுறை, கடன் காலம் ஓராண்டுக்கு மேல் மீதமிருந்தால் முன்கூட்டிக் கட்டும் தொகையில் 1 சதவீதம், அதற்குக் குறைவாக இருந்தால் அரை சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. வேறு பல இடங்களில் ஒப்பந்தத்தில் போட்டிருப்பதுதான் செல்லும். எனவே அந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். காரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, வேறு ஒருவரிடம் நிரந்தரமாகக் கொடுக்கக் கூடாது, கடன் முடியும்வரை முழுக் காப்பீடு இருக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளையும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் பார்க்கலாம். நாம் யோசித்து வைத்திருக்கும் வழிகளில் பாதி அங்கேயே அடைபட்டுவிடும்.

எந்த வகைக் கடன் என்பதும் முக்கியம். இந்தியாவில் கார் நம் பெயரில் இருக்கும், வங்கியின் உரிமை ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் அடமானக் குறிப்பாக ஏறியிருக்கும். கடன் முடிந்ததும் வங்கி தரும் என்.ஓ.சி. என்னும் ஆட்சேபமில்லாச் சான்றையும் படிவம் 35-ஐயும் ஆர்.டி.ஓ.வில் கொடுத்து அந்தக் குறிப்பை நீக்க வேண்டும். பிரிட்டனில் ஹயர் பர்ச்சேஸ் முறையில் எடுத்திருந்தால், கடைசித் தவணை கட்டும்வரை கார் சட்டப்படி நிதி நிறுவனத்துடையது. அங்கே பதிவுச் சான்றில் நம் பெயர் இருந்தாலும், அது உரிமைச் சான்று கிடையாது என்று அந்தச் சான்றிலேயே அச்சிட்டிருக்கும். ஆனால் அந்த நாட்டின் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் ஒரு நல்ல வழியையும் தருகிறது. மொத்தம் கட்ட வேண்டிய தொகையில் பாதியைக் கட்டியிருந்தால், கார் சரியான நிலையில் இருக்கும்பட்சத்தில், திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். பாதி ஆகவில்லையென்றால் குறையும் தொகையைக் கட்டி விலகலாம். காரின் சந்தை விலை பாக்கியைவிடக் கீழே போய்விட்டவர்களுக்கு இது பெரிய உதவி, கேட்டால் ஒழிய யாரும் எடுத்துச் சொல்லமாட்டார்கள். அமெரிக்காவில் அப்படிக் கிடையாது. அங்கே காரைத் தானாகக் கொண்டுபோய் ஒப்படைத்தாலும் ஜப்தி போலத்தான் கடன் வரலாற்றில் ஏறும், ஏழு ஆண்டு அங்கேயே இருக்கும். கார் ஏலம் போன தொகை பாக்கிக்குக் குறைந்தால் மீதியையும் நம்மிடமே கேட்பார்கள்.

எங்களுடையது அடமானக் குறிப்பு ஏறிய கார். பழைய கார் வாங்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து மதிப்பிட ஒருவர் வந்தார். செல்போன் அளவுள்ள ஒரு கருவியைக் கதவின் மேல் வைத்து வைத்து எடுத்தார். பெயின்டின் கனத்தை அது மைக்ரானில் காட்டும். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் பெரும்பாலும் 100-லிருந்து 150-க்குள் இருக்குமாம். முன்கதவுகளில் அப்படித்தான் காட்டியது. இடது பின்கதவுக்கு வந்ததும் 300-ஐத் தாண்டியது. அந்தக் கதவு உரசிப் பெயின்ட் அடித்தது என்று முன்பே சொல்லியிருந்தோம், அதற்கான பில்லையும் எடுத்துக் காட்டினோம். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார். சர்வீஸ் புத்தகம், இரண்டாவது சாவி, பழுது பார்த்த பில்கள் இவை எல்லாம் ஒரு கோப்பில் இருந்தால் பேரம் நீளாது.

அவர் சொன்ன விலையைவிட, பணம் எந்த வழியில் போகும் என்பதைத்தான் நாங்கள் அதிகம் பேசினோம். "சாவியக் குடுத்துடுங்க சார், லோனை நாங்க க்ளோஸ் பண்ணிக்கிறோம்" என்பார்கள். பல இடங்களில் நல்லபடியாகவே முடித்தும் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் முடிக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுவது நம் பெயரில். தவணை தவறினால் நம் கடன் மதிப்பெண்தான் இறங்கும். வங்கிக்குச் சேரவேண்டிய தொகை நேராகக் கடன் கணக்குக்குப் போக வேண்டும், அது வரவான ரசீதைப் பார்த்த பிறகுதான் சாவி என்று கணவர் உறுதியாக நின்றார். ஒத்துக்கொண்டார்கள். மீதித் தொகை எங்கள் கணக்குக்கு வந்தது. ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் கிலோமீட்டர் எண்ணையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். தனி ஆளுக்கு விற்பதானால் இரண்டு பேரும் வங்கிக் கிளைக்கே போய் உட்கார்ந்து முடிப்பது உத்தமம். நிறுவனம் தரும் விலையைவிடத் தனி ஆள் கூடுதலாகத் தருவார், அதற்குத் தேவையான நாள்கள் கையில் இருக்க வேண்டும். இதனால்தான் இந்த வேலையை முதலில் எடுக்கச் சொல்கிறேன். கடைசி இரண்டு வாரத்தில் விற்கிறவர் தேதிக்காக விலையை விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

இனி எல்லா வீட்டிலும் நடக்கும் பேச்சுக்கு வருகிறேன். விற்கப்போவதாகச் சொன்னதும் என் தம்பி கேட்டான்.

"அக்கா, வண்டிய எதுக்கு விக்கிற? நான் ஓட்டிக்கிறேன். டியூவ மாசாமாசம் உன் அக்கவுண்ட்ல போட்டுடறேன்."

"நீ போட்டுடுவடா, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. வண்டி எங்கயாவது இடிச்சா கேஸ் யார் பேர்ல வரும்?"

"அதான் இன்சூரன்ஸ் இருக்கே?"

இருக்கிறது. ஆனால் எல்லாம் என் பெயரில் இருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொன்னது இதைத்தான். அந்தக் கார் பலர் கைமாறியிருந்தது, பதிவு மட்டும் மாறவில்லை. விபத்து நடந்தபோது காரைக் கையில் வைத்திருந்தவர் வேறு ஒருவர். இருந்தும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். விற்றுப் பணம் வாங்கியவருக்கே இந்த நிலை என்றால், விற்காமல் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கார் முழுச்சேதமானால் காப்பீட்டுத் தொகை முதலில் வங்கிக்குத்தான் போகும். அது பாக்கிக்குப் போதவில்லையென்றால், உருக்குலைந்த காருக்கு நான் வேறு நாட்டிலிருந்து தவணை கட்ட வேண்டும். இத்தனையும் தம்பி மிக நல்லவனாக, மிகப் பொறுப்பானவனாக இருந்தும் நடக்கக்கூடியவை.

அவனுக்கு ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். நான் அங்கிருந்து "தம்பி, இந்த மாச டியூ வரலையே" என்று கேட்க வேண்டும். முதல்முறை அவன் சங்கடப்படுவான், அடுத்தமுறை நான் கேட்கத் தயங்குவேன். பிறகு பண்டிகைக்குக் கூப்பிடும்போதுகூட இரண்டு பேருக்கும் நடுவில் அந்தத் தவணை உட்கார்ந்திருக்கும். உடன்பிறந்தவர்களுக்குள், நெருங்கிய நண்பர்களுக்குள் இப்படிப் பேச்சுக் குறைந்துபோன குடும்பங்களை நான் அறிவேன். எந்தத் தரப்பும் கெட்டவர்கள் இல்லை. தூரமும் கடனும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் காரணம்.

ஆகவே அவனிடம் வேறு வழியைச் சொன்னேன். "உனக்கு வண்டி வேணும்னா உன் பேர்ல லோன் போட்டு வாங்கிக்க. நான் வெளிய விக்கிற விலையில குறைச்சுத் தரேன்." அவன் பெயரில் புதுக் கடன் வந்தால் பழைய கடன் முடியும், ஆர்.சி.யும் காப்பீடும் அவன் பெயருக்கு மாறும், வண்டி உண்மையாகவே அவனுடையதாகும். வங்கியில் விசாரித்தான். பழைய காருக்கான கடனில் வட்டி புதுக் காரைவிட அதிகம். உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு, "இப்ப எனக்கு வேணாம்க்கா" என்று அவனே சொன்னான். அன்றைக்கே அந்தப் பேச்சு முடிந்தது. தன் பெயரில் கடன் வாங்கத் தயாராக இருக்கிறவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், விலையையும் குறைக்கலாம். அதற்கு முடியாதவரிடம் நம் பெயரில் விட்டுவிட்டுப் போவது அவருக்கும் பாரம்.

நிறுத்தி வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: ஓராண்டுக்குள் திரும்புவது உறுதி என்றால் யோசிக்கலாம். அதற்குமேல் வேண்டாம். ஓடாத காருக்கும் தவணையும் காப்பீடும் நிற்காது, மதிப்பும் இறங்கிக்கொண்டே போகும். பேட்டரி சில வாரங்களிலேயே இறங்க ஆரம்பிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் கெடும். ஒரே இடத்தில் நின்ற டயர் அடிப்பக்கம் தட்டையாகும், பிரேக் டிஸ்க்கில் துரு படரும், எலி வயரைக் கடிக்கும். அப்படியும் வைத்துவிட்டுப் போகிறவர்கள், வாரம் ஒருமுறை உண்மையாகவே எடுத்து ஓட்டக்கூடிய ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், அவர் ஓட்டுவதற்குக் காப்பீடு செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய செல்போன் எண்ணை உயிரோடு வைத்திருங்கள். தவணை போகும் கணக்கின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் எண் செயலிழந்து, ஆட்டோ டெபிட் திரும்பி, அதைச் சரிசெய்ய வங்கிக்குள் நுழைய முடியாமல் தவித்த நண்பர் ஒருவர் கடைசியில் அதற்காகவே விடுப்பு எடுத்து ஊர் போய்வந்தார்.

கையோடு கொண்டுபோவது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவராது. கடன் இருக்கும் காருக்குக் கடன் கொடுத்தவரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், அதை அவர்கள் தருவது அரிது. அனுமதி கிடைத்தாலும் போகிற நாட்டின் விதி இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கேற்பத் தயாரிக்கப்படாத கார் 25 ஆண்டு பழையதாக இருந்தால்தான் அந்த நாட்டுக்குள் சிரமமில்லாமல் வர முடியும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் குடிபெயர்கிறவர்கள் சுங்க வரி இல்லாமல் காரைக் கொண்டுவரலாம், ஆனால் குறைந்தது ஓராண்டு வெளியே குடியிருந்திருக்க வேண்டும், காரை ஆறு மாதமாவது வைத்து ஓட்டியிருக்க வேண்டும், வந்தபின் ஓராண்டுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பதும் பிறகு விற்கும்போது விலையைக் குறைக்கும்.

எதுவும் செய்யாமல் விட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். குறிப்பாக வேலை திடீரென்று போனவர்கள் மனம் வெறுத்து அப்படிச் செய்கிறார்கள். அவர்களுடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது, ஆனாலும் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கடன் பாக்கிக்காகக் கடன் கொடுத்தவர் நீதிமன்றம் போய்ப் பயணத் தடை வாங்க முடியும். அந்த நாட்டு விமான நிலையம் வழியாக வேறெங்கோ போகும்போதுகூட அந்தப் பயம் கூடவே வரும். கிளம்புவதற்கு முன் வங்கிக்குப் போய் நிலைமையைச் சொன்னால், காரை விற்றது போக மீதியைத் தவணையாக மாற்றித் தரச் சில வங்கிகள் ஒத்துக்கொள்ளும். விற்ற விலைக்கும் பாக்கிக்கும் உள்ள இடைவெளிக்குச் சிறிய தனிநபர் கடன் போட்டு முடித்தவர்களையும் தெரியும். வட்டி கூடுதல்தான், ஆனால் தொகை சிறியது, அதற்குமேல் காரின் பொறுப்பு அவர்கள் தலையில் இல்லை.

விற்பனை முடிந்தாலும் பெயர் மாறும்வரை வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். இந்தியாவில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கொடுத்து, சில நாள் கழித்து பதிவு எண்ணைப் போட்டு அரசின் பரிவாஹன் தளத்தில் பார்த்தால் யார் பெயர் வருகிறது என்று தெரிந்துவிடும். ஃபாஸ்டேக்கையும் மறக்காமல் மூடுங்கள், இல்லையென்றால் வாங்கியவர் சுங்கச்சாவடி தாண்டும்போதெல்லாம் உங்கள் கணக்கில் பணம் போகும். கிளம்பும் தேதிக்குள் இது முடியாது போலத் தெரிந்தால், நம்பிக்கையான ஒருவருக்கு இந்த ஒரு வேலைக்கு மட்டும், வண்டி எண்ணைக் குறிப்பிட்டு, பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இங்கேயே எழுதினால் அரை நாள் வேலை. அங்கே போன பிறகு எழுதினால் தூதரகம் அல்லது நோட்டரி, ஆவணம் வேறு நாட்டில் செல்லுபடியாகப் போடும் அப்போஸ்டில் முத்திரை, கூரியர் என்று வாரக்கணக்கில் இழுக்கும்.

வங்கியின் கடன் முடிப்புச் சான்று, என்.ஓ.சி., ஒப்படைப்பு ரசீது மூன்றையும் ஸ்கேன் செய்து, மூலப் பிரதியைப் பெற்றோர் வீட்டில் வைத்துவிட்டுப் போனோம். காப்பீட்டு நிறுவனத்திடம், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸுக்குச் சான்றையும் கேட்டு வாங்கினோம். அந்தச் சலுகை காருக்குரியதல்ல, பாலிசி எடுத்தவருக்குரியது. இந்தியாவில் அது 50 சதவீதம் வரை போகும், சான்றை மூன்று ஆண்டுக்குள் வேறு காருக்குப் பயன்படுத்தலாம். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் சிலவும் ஏற்றுக்கொள்கின்றன. ஆங்கிலத்தில், நிறுவனத் தலைப்புத்தாளில், எத்தனை ஆண்டு விபத்துக் கோரிக்கை இல்லை என்பதைத் தெளிவாகப் போட்டு வாங்குங்கள். பாலிசியை ரத்து செய்வதற்கு முன்பே கேட்டுவிடுவது சுலபம்.